இறால் ஒவ்வாமையும் அமெரிக்கச் சீன உணவகமும்: நான் பட்ட பாடு

இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஊரில் இருக்கும்வரை அது பெரிய தொல்லையாகத் தெரிவதில்லை. இறால் தொக்கு என்றால் இறால் கண்ணுக்குத் தெரியும், ஒதுக்கிவிட்டு எழுந்துவிடலாம். அமெரிக்காவில் ஒரு சீன உணவகத்துக்குள் நுழைந்தால் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே இறால் காய்ந்த துணுக்காக மாவுக்குள் இருக்கும், பொரித்த எண்ணெயில் இருக்கும், சிப்பி சாறாகக் கீரையில் இருக்கும். இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. விளைவாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மூச்சு நின்றுவிடுமோ என்ற நிலைக்குப் போய்த் திரும்பினேன். ஏறத்தாழ இரண்டாயிரம் டாலர் கையை விட்டுப் போயிற்று. காப்பீட்டு நிறுவனத்துடன் கடிதப் போர் நடத்தியதில் மாதக்கணக்கில் தூக்கம் கெட்டது. இன்னொருவருக்கு இது நேரக் கூடாது என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன்.

நான் நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவள். சிறு வயதில் இறால் சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கியதிலிருந்து, வீட்டில் இறால் சமைக்கும் நாள்களில் அம்மா எனக்கு மட்டும் தனிச் சட்டியில் குழம்பு வைப்பார். மீன் சாப்பிட்டால் எனக்கு ஒன்றும் செய்வதில்லை; ஓடுள்ள கடல் உயிர்கள்தாம் ஆகாது. எங்கள் ஊர் மருத்துவர் எழுதிக் கொடுத்தது செட்ரிசின் மாத்திரை. அது எப்போதும் கைப்பையில் இருக்கும், அதுவே போதும் என்ற தைரியத்தில்தான் அலுவலக வேலையாக அமெரிக்கா போனேன். நியூயார்க்குக்கு எதிர்க்கரையில் உள்ள ஜெர்சி சிட்டியில் தனியாக ஓர் அறையில் தங்கியிருந்தேன்.

நியூயார்க்கின் க்வீன்ஸ் பகுதியில் ஃப்ளஷிங் என்றொரு இடம் இருக்கிறது. தமிழர்கள் பலருக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே பவுன் தெருப் பிள்ளையார் கோயிலும், அதன் கீழ்த்தளத்து உணவகத்தின் தோசையும் நினைவுக்கு வரும். 1977-இல் குடமுழுக்கு நடந்த கோயில் அது. அங்கே போக டைம்ஸ் சதுக்கத்தில் 7-ஆம் எண் ரயிலில் ஏறிக் கடைசி நிலையமான மெயின் ஸ்ட்ரீட்டில் இறங்க வேண்டும். நிலையத்தை விட்டு மேலே வந்தால் கடைப் பலகைகள், மருந்துக் கடைகள், காய்கறித் தட்டுகள், கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் வாத்துகள் என எல்லாமே சீனமயம். அமெரிக்காவின் மிகப் பெரிய சீனக் குடியிருப்புகளுள் ஒன்று அது. அன்று பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில், நெடுநாள் ஆசையாக இருந்த டிம்சம் சாப்பிடலாம் என்று ஒரு பெரிய உணவகத்தின் மாடிப்படி ஏறினேன்.

டிம்சம் என்பது தென் சீனாவின் காண்டன் பகுதியின் காலை உணவு முறை. தேநீரை ஊற்றி வைத்துவிடுவார்கள். மூங்கில் கூடைகளில் ஆவி பறக்கும் பலகாரங்களை வண்டியில் அடுக்கி, பெண்கள் மேசை மேசையாகத் தள்ளிக்கொண்டு வருவார்கள். வேண்டியதைக் கை காட்டினால் எடுத்து வைத்து, மேசையில் இருக்கும் அட்டையில் முத்திரை குத்திவிட்டுப் போய்விடுவார்கள். சிறியது, நடுத்தரம், பெரியது என்று தட்டின் அளவுக்குத் தக்கபடி விலை. தனியாக வருபவருக்குத் தனி மேசை கிடைக்காது, பெரிய வட்ட மேசையில் மற்றவர்களோடு உட்கார வைப்பார்கள். என் மேசையில் ஒரு முதியவரும் கல்லூரியில் படிக்கும் அவருடைய பேத்தியும் இருந்தார்கள். ஞாயிறு நண்பகல், காது அடைக்கும் இரைச்சல். மெனு அட்டை என்று ஒன்று கையில் கொடுக்கப்படவே இல்லை. ஒவ்வாமை உள்ளவருக்கு இந்த முறையே ஒரு பொறி என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது. சமைப்பவர் ஒருவர், தள்ளி வருபவர் இன்னொருவர். தள்ளி வருபவருக்குப் பலகாரத்தின் பெயர் தெரியும், உள்ளே போன ஒவ்வொரு பொருளும் தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை. கேள்வி கேட்டு நிற்க நேரமும் இல்லை, பின்னால் அடுத்த வண்டி வந்துகொண்டிருக்கும்.

இறால் உருண்டை எது என்று எனக்குத் தெரிந்தது. ஹா கௌ எனப்படும் அந்தப் பலகாரத்தின் மேல்மாவு கண்ணாடிபோல இருக்கும், உள்ளே இருக்கும் இறால் வெளியே தெரியும். அதை வேண்டாம் என்றேன். திறந்த வாயோடு இருந்த ஷூமாய் என்ற உருண்டையையும் விட்டுவிட்டேன், அதில் பன்றி இறைச்சியோடு இறாலும் சேர்ப்பார்கள் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். பிறகு ஒரு வண்டி வந்தது, அதன் மேலேயே தோசைக்கல் போன்ற தட்டை அடுப்பு. விரல் கனத்தில் வெட்டிய வெள்ளை வில்லைகளை அந்தப் பெண்மணி இரண்டு பக்கமும் பொன்னிறமாகச் சுட்டு எடுத்துக்கொண்டிருந்தார். “இதில் இறால் இருக்கிறதா?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். “இல்லை, இல்லை, முள்ளங்கி” என்றார். தட்டு என் முன்னால் வந்தது. மேலே முறுகல், உள்ளே கொழுக்கட்டை மாவின் மென்மை. ஆங்காங்கே இளஞ்சிவப்புத் துணுக்குகள், காரட் என்றே யாருக்கும் தோன்றும். சோயா சாஸில் தொட்டு இரண்டு வில்லைகளைத் தின்றேன். அருமையான சுவை, அதை இன்றும் மறுக்க மாட்டேன்.

அந்தப் பலகாரம் துருவிய வெள்ளை முள்ளங்கியையும் அரிசி மாவையும் கலந்து ஆவியில் வேக வைத்து, ஆறியபின் வெட்டிச் சுடுவது. ருசிக்காக அதில் சீனத் தொத்திறைச்சி, காளான், அதோடு காய்ந்த இறால் ஆகியவற்றைப் பொடியாக நறுக்கிப் போடுவது வழக்கம். நம் ஊரில் சென்னாக்குன்னி என்கிறோமே, ஏறக்குறைய அதே பொருள். அந்தப் பெண்மணி பொய் சொல்லவில்லை. இறால் பலகாரமா என்று நான் கேட்பதாக அவர் எடுத்துக்கொண்டார், இது முள்ளங்கிப் பலகாரம் என்று விடை சொன்னார். காய்ந்த இறால் அவருக்கு உப்பு, மிளகு மாதிரி ஒரு சேர்மானம்தான்.

முதலில் நாக்கின் ஓரம் அரித்தது. பிறகு காது மடல் சுட்டது, உள்ளங்கை சிவந்தது. செட்ரிசினை எடுத்து விழுங்கினேன். அது தொண்டையில் இறங்க மறுத்தது, தொண்டையே சுருங்கிக்கொண்டிருந்தது. எழுந்து கழிப்பறைக்குப் போகப் பார்த்தேன், கண் இருட்டியது. நூற்றுக்கணக்கானவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் கூடத்தில், யாரையும் தெரியாத ஊரில், பேச்சு வராமல் செத்துப்போகப் போகிறேன் என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் ஆம்புலன்ஸுக்கு எவ்வளவு ஆகுமோ என்ற பயம் ஒரு பக்கம் ஓடியது. அமெரிக்க மருத்துவச் செலவைப் பற்றி நம்மவர்கள் சொல்லிச் சொல்லி ஏற்றி வைத்திருக்கும் பயம் அது. வேண்டாம், டாக்சியில் போகிறேன் என்று கை காட்டினேன். அந்தப் பேத்தி என் வார்த்தைக்குக் காத்திருக்கவில்லை. அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தாள், சமையற்கட்டுக்கு ஓடிப்போய் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வந்தாள். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் அந்தத் தாளைப் பார்த்ததும் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் தொடையில் எபிநெஃப்ரின் (அட்ரினலின்) ஊசி போட்டார்கள். சில நிமிடங்களில் மூச்சு சீராக வந்தது. நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, அது மருந்தின் வேலை என்றார்கள். அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்கவில்லை, அந்தக் குறை இன்றும் இருக்கிறது.

இங்கே சற்று நின்று சொல்ல வேண்டியது: செட்ரிசின் அரிப்புக்கும் தடிப்புக்கும்தான். மூச்சுக் குழாய் சுருங்குவதையும் ரத்த அழுத்தம் விழுவதையும் அது தடுக்காது. அதற்கு எபிநெஃப்ரின் ஒன்றுதான் மருந்து, அதுவும் உடனே. தானே போட்டுக்கொள்ளக்கூடிய ஊசியாக அது அமெரிக்காவில் மருத்துவர் சீட்டுக்குக் கிடைக்கிறது, பொதுவாக இரண்டாகவே கொடுப்பார்கள். உடையின் மேலேயே தொடையின் வெளிப்பக்கத்தில் குத்தலாம். 2024-இல் மூக்கில் தெளிக்கும் வடிவத்துக்கும் ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வாமை கடுமையாக வந்த அனுபவம் உள்ளவர்கள் போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே மருத்துவரைப் பார்த்து இதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தலை சுற்றினால் எழுந்து நடக்காதீர்கள். காலைச் சற்று உயர்த்திப் படுங்கள், மூச்சு முட்டினால் மட்டும் உட்கார்ந்திருங்கள். ஊசி போட்டுச் சரியானாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், சில மணி நேரம் கழித்து அது மறுபடி தாக்கக்கூடும். என்னை இரவு வரை வைத்திருந்தது அதற்காகத்தான். இறால் ஒவ்வாமைக்குக் காரணமான முக்கியப் புரதம் சூட்டில் அழிவதில்லை. காய வைத்தாலும், வேக வைத்தாலும், பொரித்தாலும் அது அப்படியே இருக்கும். நன்றாக வெந்துவிட்டதே என்று யாரும் சமாதானம் சொன்னால் நம்பாதீர்கள்.

இரவு மருத்துவமனையை விட்டு வெளியே வந்தபோது கைபேசியில் உயிர் இல்லை. அக்காவிடம் பேச வேண்டும் போலிருந்தது, முடியவில்லை. அறைக்கு வந்து சேர்ந்து அழைத்தபோது, “நீ ஏன் தனியாகப் போனாய்?” என்று அவள் அழுததும் நானும் அழுதேன். சார்ஜர், காப்பீட்டு அட்டையின் படம், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய ஒருவரின் எண் எழுதிய தாள் ஆகியவற்றைக் கைப்பையில் வைத்திருங்கள். ஆங்கிலம் வராத பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: மருத்துவமனைகளில் தொலைபேசி வழியாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம்.

பிறகு வந்தன கடிதங்கள். மருத்துவமனைக்கு ஒரு பில், அங்கே என்னைப் பார்த்த மருத்துவர்களுக்குத் தனி பில், ஆம்புலன்ஸுக்கு இன்னொன்று. முறையே 4,200, 870, 1,350 டாலர், மொத்தம் 6,420. என் சம்பளத்தில் அந்தத் தொகையைப் பார்த்ததும் கால் தளர்ந்துவிட்டது. காப்பீட்டு நிறுவனம் முதலில் கைவிரித்தது. ஒவ்வாமை ஏற்கெனவே இருந்த நோய், ஆகவே பணம் கிடையாது என்றது. நாகப்பட்டினத்து மருத்துவரிடம், இதற்கு முன் இதற்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதே இல்லை என்று கடிதம் வாங்கி, அது திடீரென நேர்ந்த அவசரம் என்று மேல்முறையீடு செய்தேன். பலமுறை எழுதிய பிறகு 4,550 டாலர் கொடுத்தார்கள். மீதி 1,870-ஐ நான் கட்டினேன். ஊசி வாங்கிய 130 டாலர் தனி. அந்த ஊசிக்கே ஒரு கடையில் சொன்ன விலைக்கும் அடுத்த கடையில் சொன்ன விலைக்கும் பெரிய வித்தியாசம், நாலு கடையில் விசாரிக்காமல் வாங்காதீர்கள்.

பில் வந்தவுடன் பயந்துபோய்க் கட்டிவிட வேண்டாம். காப்பீட்டு நிறுவனம் தன் பங்கு எவ்வளவு, உங்கள் பங்கு எவ்வளவு என்று கணக்குக் கடிதம் அனுப்பும், அது வரும்வரை பொறுங்கள். மருத்துவமனையிடம் வரி வரியாகப் பிரித்த பில் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அப்படிக் கேட்டதில்தான் எனக்குச் செய்யாத ஒரு பரிசோதனைக்கான தொகை இருந்தது தெரிந்தது. நீக்கிக் கொடுத்தார்கள், மேலே சொன்ன 4,200 அது போக மிஞ்சியது. லாப நோக்கமற்ற மருத்துவமனை என்றால் நிதியுதவித் திட்டம் வைத்திருக்கவேண்டியது சட்டப்படி கட்டாயம், விண்ணப்பப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். பணம் இல்லை என்பதற்காக அவசரச் சிகிச்சைப் பிரிவில் உங்களைப் பார்க்காமல் அனுப்ப முடியாது, 1986-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. 2022 முதல் நடைமுறையில் இருக்கும் எதிர்பாராத பில்களுக்கு எதிரான சட்டம் தரைவழி ஆம்புலன்ஸுக்குப் பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் முதலாக, புறப்படும் முன்பே காப்பீட்டுப் பத்திரத்தைப் படியுங்கள். ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று வரம்பு கட்டிய மலிவான திட்டங்கள் அமெரிக்கச் செலவில் பாதிக்குக்கூடப் போதாது. ஏற்கெனவே உள்ள நோய் திடீரென முற்றினால் பணம் உண்டா என்று ஒரு வரி இருக்கும், அதைத் தேடிப் பாருங்கள்.

இனிச் சாப்பாட்டுக்கு வருகிறேன். சீன உணவகத்துக்கே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, நான் மறுபடியும் போனேன், இன்றும் விரும்பிச் சாப்பிடுகிறேன். எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும். கீரைக்கும் காய்க்கும் மேலே ஊற்றும் பழுப்புச் சாறு பெரும்பாலும் சிப்பியில் செய்த ஆய்ஸ்டர் சாஸ். எக்ஸ்ஓ சாஸ் என்றால் அதில் காய்ந்த இறாலும் ஸ்காலப் என்ற சிப்பி வகையும் இருக்கும். வறுத்த பீன்ஸில் அரைத்த பன்றி இறைச்சி போடுவார்கள், சில இடங்களில் காய்ந்த இறாலும் சேரும். யாங்சோ ஃப்ரைடு ரைஸில் இறால் உண்டு. எக் ரோலில் முட்டைக்கோசோடு இறாலைச் சேர்க்கும் கடைகள் உண்டு. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் எக் ரோல் பக்கமே போக வேண்டாம், அதன் ஓரத்தை ஒட்டவும் உள்ளே ருசிக்கும் கடலை வெண்ணெய் பயன்படுத்தும் கடைகள் இருக்கின்றன. பொரித்த கோழி என்றாலும் இறால் பொரித்த அதே எண்ணெயாக இருக்கலாம். ஆவியில் வெந்தது நல்லது என்று தோன்றும், ஆனால் மூங்கில் கூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள், மேல் கூடையின் நீர் கீழே சொட்டும். டோஃபு என்பது சோயாக் கட்டிதான் என்று சைவர்கள் மாப்போ டோஃபுவைப் பெயரை நம்பிக் கேட்டுவிடாதீர்கள், அதில் அரைத்த இறைச்சி போடுவதே வழக்கம்.

2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாக்கெட்டில் அடைத்த உணவுகளில் எட்டு ஒவ்வாமைப் பொருள்களை எழுத வேண்டும், 2023 முதல் எள்ளும் சேர்ந்து ஒன்பது. உணவகத்தில் சமைத்துத் தரும் தட்டுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, மெனுவில் எழுதவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. பாக்கெட்டிலும் ஒரு நுணுக்கம்: அந்தப் பட்டியலில் இறாலும் நண்டும் லாப்ஸ்டரும் இருக்கின்றன, சிப்பியும் ஸ்காலப்பும் இல்லை. எனவே அவை ஆகாதவர்கள் சேர்மானப் பட்டியலை முழுக்கப் படிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் நிம்மதி தருபவை பௌத்தச் சைவ உணவகங்கள். நியூயார்க்கின் சைனாடவுனிலும் ஃப்ளஷிங்கிலும் இருக்கின்றன. இறாலும் வாத்தும் மெனுவில் இருக்கும், ஆனால் எல்லாமே சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் கிழங்கு மாவிலும் செய்தவை. சோயாவோ கோதுமையோ ஆகாதவர்களுக்கு மட்டும் அவை உதவாது. மற்ற இடங்களுக்குப் போவதானால் வார இறுதி நண்பகலை விட்டுவிட்டு, வார நாளில் மூன்று மணி வாக்கில் போகிறேன். அப்போது சமையல்காரருக்கு வாணலியைக் கழுவி, புதிய எண்ணெய் விட்டுத் தனியாகச் செய்து தர நேரம் இருக்கும். வண்டியில் வருவதை எடுப்பதில்லை, சமையற்கட்டிலிருந்து வரவழைக்கிறேன். அவர்கள் முடியாது என்று சொன்னால் நன்றி சொல்லி எழுந்துவிடுகிறேன். முடியாது என்று நேராகச் சொல்பவர்களை நான் மதிக்கிறேன். நமக்காகத் தனியே மெனக்கெட்டவர்களுக்கு டிப்ஸ் தாராளமாகவே கொடுக்க வேண்டும். நியூயார்க் நகரத்தில் விற்பனை வரி 8.875 சதவீதம், பில்லில் உள்ள வரியை இரண்டு மடங்காக்கினால் ஏறத்தாழ பதினெட்டு சதவீதம் வந்துவிடும், அதற்குக் குறையாமல் வைக்கிறேன்.

கேள்வியை வாயால் கேட்பதை நிறுத்திவிட்டு இப்போது ஓர் அட்டையைக் கொடுக்கிறேன். சீனாவிலிருந்து வந்த அலுவலக நண்பர் ஒருவர் எழுதிக் கொடுத்தது. ஒரு பக்கத்தில் பழைய எழுத்திலும் புதிய எழுத்திலும் சீனம் இருக்கிறது, ஏனென்றால் காண்டன், தைவான் உணவகங்களில் பழைய எழுத்தும், சீனப் பெருநிலத்திலிருந்து வந்தவர்களிடம் புதிய எழுத்தும் புழங்குகின்றன. மறுபக்கம் ஸ்பானிஷ். சீன உணவகச் சமையற்கட்டில் ஸ்பானிஷ் பேசும் தொழிலாளர்கள் பலர் இருக்கிறார்கள், நம் தட்டைத் தொடுபவர் அவராகவும் இருக்கலாம். அட்டையின் வாசகம் இது, உங்களுக்கு ஆகாததை மாற்றி எழுதி, அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: “எனக்கு இறால், நண்டு, சிப்பி ஆகியவற்றில் எதுவும் ஆகாது. சிறிதளவு உள்ளே போனாலும் மூச்சு நின்றுவிடும். காய்ந்த இறால், இறால் பொடி, ஆய்ஸ்டர் சாஸ், எக்ஸ்ஓ சாஸ், இறால் பொரித்த எண்ணெய் எதுவும் சேரக் கூடாது. வாணலியையும் கரண்டியையும் கழுவிவிட்டுச் சமையுங்கள். தயவுசெய்து இதைச் சமையல்காரரிடம் காட்டுங்கள். உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் எனக்குப் பரிமாற வேண்டாம்.”